இன்சுலின் போடுகிறவர் ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. சின்ன வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நான் பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமாகி, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். கல்லூரி ரத்ததான முகாமில் இன்சுலின் என்று சொன்னதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் ரத்தம் அவ்வளவு கெட்டதா? அடுத்த முறை சொல்லாமலே கொடுத்துவிட்டால் என்ன?
- வாசகி, கரூர்

பதில்: உங்கள் ரத்தம் கெட்டதே இல்லை, முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். அமெரிக்காவில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இன்சுலின் போடுகிறவர்களும் ரத்தம் கொடுக்கிறார்கள். நம் நாட்டு விதி கொஞ்சம் கறாரானது. உணவுக் கட்டுப்பாட்டிலோ மாத்திரையிலோ இருப்பவர், வேறு பாதிப்பு இல்லாமலும் கடந்த 4 வாரத்தில் மருந்தின் அளவு மாறாமலும் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் என்றால் முடியாது.

அந்த விதி காப்பாற்றப் பார்ப்பது உங்களைத்தான். 350 மில்லி ரத்தம் சில நிமிடங்களில் வெளியேறும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி வியர்க்கும், தலை சுற்றும். சர்க்கரை இறங்கினாலும் அதே வியர்வை, அதே தலைசுற்றல்தான், எது எதனால் என்று பக்கத்தில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள், ஆனால் கொடுத்தவருக்கு என்ன ஆகும் என்பதற்கு ரத்தம் கொடுக்கும் முன் நிரப்புகிற படிவத்தில் நீங்கள் எழுதுகிற பதிலை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. அதனால் மறைக்கவே மறைக்காதீர்கள். உங்கள் அம்மாவும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? முகாமுக்குப் போங்கள், மேஜைக்கு இந்தப் பக்கம், உதவுகிறவராக உட்காருங்கள். பல முகாம்களில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள், அது மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது என்று அர்த்தம், மிதந்தால் 'உங்களுக்குப் பத்தாதும்மா' என்று அனுப்பிவிடுவார்கள். இப்படித் திரும்புகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கூட்டத்தில் யாரும் இவர்களிடம் அதற்கு மேல் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். திருப்பி அனுப்பப்பட்டவரின் மனசு உங்களுக்குத் தெரியும், நீங்கள் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசமாகவே கிடைக்கும், சரியானதும் அடுத்த முகாமுக்கு அவர்களே வரலாம்.

இன்னொன்று, ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் முகாம்கள் குறைந்துபோகும். தட்டணுக்களை 5 நாள்தான் வைத்திருக்க முடியும், சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள், ஆகவே ஜனவரியில் குவிந்த ரத்தம் மே மாதத்துக்கு உதவாது. விடுமுறையில் ஊரில் இருக்கும் நண்பர்களைச் சேர்த்து, அருகில் உள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பேசி, எந்த வாரம் தட்டுப்பாடு என்று கேட்டு அந்த வாரத்தில் ஆள் அனுப்ப ஒருவர் வேண்டும். வாட்ஸ்அப்பில் 'அவசரம், பி பாசிட்டிவ்' என்று வரும் செய்திகளையும் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்து, இன்னும் தேவைதானா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள், ரத்தம் கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் சுற்றுகிற செய்திகளால் அந்தக் குடும்பத்துக்குத் தொல்லைதான்.

கண் தானத்துக்குச் சர்க்கரை தடையே இல்லை, இன்சுலின் போட்டாலும் கொடுக்கலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் பதிவு அட்டை மட்டும் போதாது, கண் வங்கிக்குச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான், அதனால் அம்மாவிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.