மகன் சொன்ன பதிலும் அம்மா மடித்த சீட்டும்

‘சாதியும் பணமும்தானே ஓட்டைத் தீர்மானிக்கின்றன, இதற்கு ஆய்வு எதற்கு?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும் ஓர் ஆய்வுக்காகத் திருவல்லிக்கேணியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவை இரண்டும் உண்டுதான். ஆனால் வாசலில் கிடைக்கும் முதல் பதிலை நம்பிவிடாதீர்கள்.

வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு பெயர் எடுப்போம். அந்த ஆளையேதான் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். பேச ஆர்வம் உள்ளவர்களிடம் மட்டும் கேட்டால் டீக்கடைக் கருத்துதான் மிஞ்சும்.

ஒரு வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னார். “எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சின்னம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.” அம்மாவும் தலையசைத்தார். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை நாங்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, பெட்டியில் போடச் சொல்வோம். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குறியிட்டு, நான்காக மடித்துப் போட்டார். மகன் உள்ளே போனதும், “அவனிடம் காட்டிவிடாதே, தம்பி” என்றார்.

பணத்தைப் பற்றியும் அதே தெருவில் கேட்டேன். “வாங்கியது உண்மை, போட்டது வேறு” என்று இரண்டு பேர் தயங்காமல் சொன்னார்கள்.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் ஓஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பிரசாரம் தொடங்கும் முன்பே முடிவெடுத்திருந்தார்கள். மற்றவர்களை வானொலியையும் பத்திரிகையையும் விடத் தெரிந்தவர்களின் பேச்சே அதிகம் அசைத்தது. நம் ஊரில் அப்படிப்பட்ட திண்ணைப் பேச்சுக்குள் சாதியும் வரும், ரேஷன் கடையும் வரும், மழைநீர் வடியாத சந்தும் வரும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு வேண்டும்.

வாக்களிக்காதவர்களையும் மறந்துவிடுகிறோம். 2024-ல் தமிழகம் முழுவதும் சுமார் 70 சதவீத வாக்குகள் பதிவாயின. திருவல்லிக்கேணி அடங்கிய மத்திய சென்னைத் தொகுதியில் 54. ‘படித்த நகரத்தாருக்கு அக்கறை இல்லை’ என்று உடனே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. பட்டியலோடு நான் தட்டிய சில கதவுகளில், “அவர்கள் காலி செய்து நாலு வருடம் ஆகிறது, பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டார்கள்” என்றார் வீட்டுக்காரர். வாடகை ஏறியதால் ஊரின் விளிம்புக்குப் போனவரின் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. அவரையும் அக்கறையற்றவர் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.