பணமும் வயதும்தான் எல்லாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. கோலாலம்பூர் செந்தூலில் அம்மாவுடன் இருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஓவர்டைம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரும். கல்யாணச் செயலியில் இரண்டு வருடமாக 28 வயதுக்குள் பெண் தேடுகிறேன். பதிலே வருவதில்லை. போன மாதம் ஒருவர் மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் சந்திக்கச் சம்மதித்தார். ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினோம். என் கார் கடன், வாங்க நினைக்கும் வீடு, அம்மாவின் சர்க்கரை நோய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை. அவருக்கு வங்கியில் வேலை, என்னைவிடச் சம்பளம் அதிகம். பெண்கள் பணத்தையும் வயதையும்தானே பார்க்கிறார்கள்?

ஆர்., செந்தூல்

அன்புள்ள தம்பி,

பார்க்கிறார்கள். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். டேவிட் பஸ் என்ற உளவியலாளர் 37 பண்பாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டு 1989ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். துணையின் சம்பாதிக்கும் திறனுக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். ஆண்கள் இளமைக்குக் கொடுத்தார்கள். கோலாலம்பூர் வாடகையும் கார் கடனும் தெரிந்த ஒரு பெண், பிள்ளை பிறந்தால் தன் வேலைதான் முதலில் அடிபடும் என்பதையும் யோசித்துத்தான் கணக்குப் போடுவாள். அதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆய்வில் நம்பக்கூடிய குணத்தை இரு தரப்புமே பணத்துக்கு மேலே வைத்தார்கள்.

சரி, வயதுக்கு வருவோம். 28க்குள் என்று கோடு போட்டது நீங்கள். ஓக்கேக்யூபிட் என்ற துணை தேடும் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரட்டர் 2014ல் வெளியிட்ட கணக்கில், ஆண்களுக்கு எத்தனை வயதானாலும் கண் இருபதுகளின் தொடக்கத்திலேயே நிற்கிறது. பெண்களோ பெரும்பாலும் தங்கள் வயதை ஒட்டியே பார்க்கிறார்கள். 33, 35 வயதில் கோயிலில் உறவினர் கேள்விக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் போட்ட கோட்டுக்கு வெளியேதான் அவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த ஒரு மணி நேரம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி அதில் இருப்பது இரண்டே விஷயம்: வங்கி வேலை, அதிகச் சம்பளம். அவர் ஊர் எது, வீட்டில் யார் யார், எதைக் கேட்டுச் சிரித்தார், ஒன்றும் இல்லை. "பேசினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியது நீங்கள் மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் எதிரே இருந்தவருக்கு அது நேர்முகத் தேர்வு மாதிரி இருந்திருக்கும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், துணை தேடுவோரின் சில நிமிடச் சந்திப்புகளில் எதிரே இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டவர்களையே மறுபடி சந்திக்க அதிகம் பேர் விரும்பினார்கள்.

உங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று என்ன செய்வீர்கள்? எத்தனை பேர் இருக்கிறீர்கள், யாருக்காவது உடம்பு முடியவில்லையா, பயப்படுகிறீர்களா என்று நிதானமாகக் கேட்பீர்கள் அல்லவா? பதில் வரும்வரை காத்திருப்பீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் அதே ஆள்தான் போக வேண்டும்.

செயலியில் வயதை 38 வரை மாற்றுங்கள். வீட்டுக் கடனை மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம். உங்களைவிட அதிகம் சம்பாதிக்கிற பெண் என்றால் அதை ஒரு குறையாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள், அது முகத்தில் தெரிந்துவிடும். அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவரைப் பற்றிப் பத்து வரியாவது இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா