பழைய ரோடு சைக்கிளின் கியர்களைக் கழற்றிவிட்டு சிங்கிள் ஸ்பீடாக, அதாவது ஒரே கியர் வண்டியாக மாற்றலாமா? சேலத்தில் இதைச் செய்ய ஆள் இருக்கிறார்களா?

தாராளமாக மாற்றலாம், சேலத்திலேயே முடியும். ஆனால் இதற்கென்று போர்டு மாட்டிய கடையைத் தேடாதீர்கள். பொறுமையான ஒரு சைக்கிள் கடைக்காரரும் ஒரு லேத்து பட்டறையும் போதும். மீதியை நீங்கள்தான் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது வீட்டுப் பெரியவர் யாரோ விட்டுப்போன 10 கியர் வண்டி, லீவர் இறுகி, டயர் வெடித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னுடையதும் அப்படித்தான் வந்தது. பெரியப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். துரை வீட்டுப் பையன் ஓட்டிய நாட்டிங்ஹாம் ராலே (இங்கிலாந்து கம்பெனி சைக்கிள்), அவர்கள் தோட்டத்தை விற்றுப் போனபோது இவர் கைக்கு வந்தது. அவர் ஒருநாள் கூட ஏறி ஓட்டியதில்லை. விற்கவும் விடவில்லை.

முதலில் பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தைப் பாருங்கள். அந்த வெட்டு கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் இருந்தால், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம், வேலை சுலபம். நேர்செங்குத்தாக இருந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கத் தனியாக ஒரு செயின் டென்ஷனர் போட்டாக வேண்டும். 1970களின் வண்டிகளில் பெரும்பாலும் படுக்கைவாக்குதான்.

அடுத்தது ஃப்ரீவீல், மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானாகச் சுற்றவிடும் பின் பல்சக்கரம். இங்கேதான் எனக்கு உயிர் போனது. பழைய 5 பல்சக்கரக் கட்டு மரையில் ஏறியிருக்கும், மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும் வகை. கழற்ற அதற்கென்று ஒரு டூல் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஏறி இறங்கினேன், யாரிடமும் இல்லை. ஒருவர் உளியை எடுத்துவிட்டார், "அண்ணா, வேண்டாம்ணா" என்று வண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். கடைசியில் அம்மாபேட்டை பக்கம் ஒரு லேத்து பட்டறையில் பழைய பாக்ஸ் ஸ்பானர் ஒன்றைக் கடைந்து, இரண்டு காது வைத்துக் கொடுத்தார்கள். அதை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் ரிம்மைப் பிடித்து லாரி ஸ்டியரிங் மாதிரி திருப்பினோம். 'டக்' என்றது. ரிம்மை மாற்றப்போகிறீர்கள் என்றாலும் ஃப்ரீவீல் வரும்வரை கம்பிகளை வெட்டிவிடாதீர்கள். பிடித்துத் திருப்ப எதுவும் மிஞ்சாது.

நல்ல சேதி என்னவென்றால், ஆங்கில மரை உள்ள ஹப்பும் (சக்கரத்தின் நடு உருளை) நம்மூர் சாதா சைக்கிள் ஃப்ரீவீலும் ஒரே மரை, குறுக்களவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை. நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு வாங்கிய 18 பல் ஃப்ரீவீல் அப்படியே ஏறியது. வண்டி பிரெஞ்சு என்றால் மரை வேறு. வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஹப் போய்விடும்.

ஐந்து சக்கர இடத்தில் ஒன்றை மட்டும் போட்டால் செயின் கோணலாக ஓடும். அச்சில் வலப்பக்கம் இடைவெளிக்காகப் போட்டிருக்கும் ஸ்பேசர் வளையத்தை இடப்பக்கம் மாற்றினேன். அப்போது ஹப் வலப்பக்கம் தள்ளிப்போகும், கூடவே ரிம்மும். இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்தைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பெண்டு எடுக்கத் தெரிந்த எந்தக் கடைக்காரருக்கும் இது அரைமணி வேலை. இரண்டு பக்க இழுப்பும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் சக்கரம் முன்பைவிட உறுதி. முன்னால் 52 பல், 40 பல் சக்கரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துச் சேர்த்தவை, பிரிக்க வரவில்லை. செயினை உள்பக்க 40இல் ஓட்டுகிறேன், 52 பேண்டைக் காப்பாற்றச் சும்மா சுற்றுகிறது.

டயர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். "27 இல்லை சார், 28 போட்டுக்கலாம், காத்தடிச்சா சரியாயிடும்" என்பார்கள். சரியாகாது. டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 27 அங்குல ரிம்மில் 630 மி.மீ., நம்மூர் 28 x 1½ டயருக்கு 635. காற்றடித்தால் வெளியே வழுக்கிவிடும். நான் இணையத்தில் 27 x 1¼ வரவழைத்தேன்.

"விண்டேஜ் வண்டியைக் கெடுத்துவிட்டாயே" என்று கருத்துப்பெட்டிக்கு வரப்போகும் அண்ணன்மாருக்கு: எதையும் அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை, பெயிண்டைத் தொடவில்லை. டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி), லீவர், பழைய ஃப்ரீவீல் எல்லாம் எண்ணெய் தடவி டப்பாவில் இருக்கின்றன. ஒரு மத்தியானம் போதும், பழையபடி ஆகிவிடும். பரணில் துருப்பிடித்துக் கிடந்தபோது யாரும் அதன் பெருமையைப் பேச வரவில்லையே?

பெருமை என்றதும் இன்னொன்று. ஊருக்குள் எங்கும் இதில்தான் போகிறேன். பத்து லட்ச ரூபாய் காரை மண்டபத்து வாசலில் விடலாம், சைக்கிளைக் கண்டதும் செக்யூரிட்டி ஓடி வருகிறார், "இங்க நிறுத்தக் கூடாது, ரோட்டுல விடுங்க" என்று. நானோ மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முறை, மொய்க்கவர் கையில் இருக்கிறது. செக்யூரிட்டியைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

ஏற்காடு ஏறலாமா என்று கேட்பீர்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. முன்னால் 40, பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போக அருமை, மலைக்கு முட்டி கழன்றுவிடும். மலைதான் குறி என்றால் பின்னால் 22 பல் போடுங்கள், அல்லது கியரைக் கழற்றாமலே விட்டுவிடுங்கள். சில தம்பிகள் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஃபிக்ஸி, அதாவது சக்கரத்தோடு பெடலும் எப்போதும் சுற்றும் வண்டி ஆக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஹப்பில் பூட்டு வளையம் கிடையாது, பின்னால் மிதித்தால் மரை கழன்று வந்துவிடும். இறக்கத்துக்கு இரண்டு பிரேக்கும் வேண்டும்.

டயர் நீங்கலாக எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, லேத்துக் கூலியும் சேர்த்து. ஃப்ரீவீல் வாங்கும்போது கடையிலேயே பல்லை எண்ணிவிடுங்கள், 18 கேட்டால் 16 கொடுத்து அனுப்புகிறார்கள்.