முடக்குவாத மாத்திரையும் எதிர்ப்புச் சக்தியும்: நடவுக்குப் போகும் அம்மா பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். ஒன்றரை வருடமாக இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடக்கவே முடியாமல் இருந்தது. முடக்குவாதம் என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தார்கள். இப்போது நன்றாகத் தேறியிருக்கிறார். ஆனால், "உங்க எதிர்ப்புச் சக்தியே உங்க உடம்பைத் தாக்குது, அதைக் குறைக்கத்தான் மாத்திரை" என்று டாக்டர் சொன்னதிலிருந்து பயந்துபோயிருக்கிறார். சம்பா நடவு வரப்போகிறது. போன வருடம் பக்கத்து ஊரில் சிலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, எதிர்ப்புச் சக்தி கூடுவதற்குச் சீந்தில் பொடி சாப்பிடச் சொல்கிறார் சித்தி. என்ன செய்வது? இந்த நோய் எனக்கும் வருமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். சீந்தில் பொடியும் வேண்டாம். நடவுக்குப் போகலாம், ஆனால் சில விஷயங்களைக் கவனித்துப் போக வேண்டும்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்றால், கிருமி வந்தால் தடுக்க ஆள் இருக்காதே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓ.பி.யில் நெரிசலுக்கு நடுவே டாக்டர்கள் அந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம். அதனால் எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே பாத்திரத்தில் கிடக்கும் சரக்கு, கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஆகிவிட்டது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்பதால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடாது. எந்த மதகு எப்போது திறந்தது, சரியான நேரத்தில் மூடினார்களா என்பதில்தான் சம்பாவும் இருக்கிறது, வெள்ளமும் இருக்கிறது.

உடம்பில் அந்த வேலையைச் செய்பவை ஏற்பிகள். ரிசப்டர் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். வெள்ளை அணுக்களின் மேற்பரப்பிலும் உள்ளேயும் இருக்கும் புரதங்கள் இவை. சில ஏற்பிகள் கிருமியின் மேலுறையை அடையாளம் காணும். சில, மற்ற அணுக்கள் அனுப்பும் ரசாயனச் சேதியை வாங்கிக்கொள்ளும். இன்னும் சில, 'போதும், நிறுத்து' என்ற உத்தரவை மட்டும் கேட்கும். வீக்கம், காய்ச்சல், சீழ், குணமாவது எல்லாமே இவை சொல்லும் கணக்கில்தான் நடக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. டி.எல்.ஆர்.4 என்று ஓர் ஏற்பி. டைபாய்டு கிருமி போன்ற சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சுப் பொருளை அது கண்டுபிடிக்கும். அந்த நச்சை ஊசியில் ஏற்றினால் சாதாரண எலிகள் அதிர்ச்சி நிலைக்குப் போய்ச் செத்துவிடும். ஒரு வகை எலிகளுக்கு மட்டும் எதுவும் ஆகாது. என்ன காரணம் என்று தேடிய புரூஸ் பாய்ட்லர் குழு, அந்த எலிகளில் டி.எல்.ஆர்.4 பழுதாக இருப்பதை 1998-ல் கண்டுபிடித்தது. 2011-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்படியானால் ஏற்பி பழுதாக இருப்பதே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். உயிருள்ள கிருமியை விட்டால், மற்ற எலிகள் தாங்கும் அளவிலேயே இவை செத்துப்போயின. எலியைக் கொன்றதும் காப்பாற்றியதும் ஒரே ஏற்பிதான்.

இதில் எலிக்காய்ச்சலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமியின் மேலுறை நச்சை எலியின் டி.எல்.ஆர்.4 கண்டுபிடித்துவிடும். மனிதனின் டி.எல்.ஆர்.4 சரியாகக் கண்டுபிடிக்காது. நமக்கு டி.எல்.ஆர்.2 என்ற வேறொரு ஏற்பி வழியாகத்தான் தகவல் போகிறது. எலி இந்தக் கிருமியைச் சிறுநீரகத்தில் சுமந்துகொண்டு, தனக்கு ஒன்றும் ஆகாமல் வரப்பு வரப்பாக ஓடுவதற்கும், நாம் படுத்துவிடுவதற்கும் இந்த வித்தியாசம் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அம்மாவின் விரல்களுக்கு வருவோம். முடக்குவாதத்தில் சில வெள்ளை அணுக்கள், உடம்பின் சொந்தப் புரதங்களை அந்நியம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்யத் தொடங்குகின்றன. ஆன்ட்டி சி.சி.பி. என்று எடுத்திருப்பார்களே, அந்த டெஸ்ட் தேடுவது இதைத்தான். மூட்டுச் சவ்வில் உள்ள அணுக்கள் இந்த எதிர்ப்பொருளைத் தங்கள் ஏற்பியில் பிடித்துக்கொண்டு டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்ற சேதிப் பொருள்களை வெளியே விடும். அதை வாங்கும் பக்கத்து அணுவும் கிளர்ந்தெழும், அதுவும் சேதி அனுப்பும். ஐ.எல்.-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போனால் ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறும். அதே ஐ.எல்.-6 உடம்பில் உள்ள இரும்புச் சத்தைப் பூட்டிவைப்பதால்தான் முடக்குவாதக்காரர்களில் பலருக்கு டானிக் குடித்தும் ரத்தசோகை தீருவதில்லை. ஆக, அம்மாவின் எதிர்ப்புச் சக்தி கூடிப்போய்விடவில்லை. நிற்க வேண்டிய ஒரு சேதி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நிறுத்தும் ஏற்பாடு உடம்பிலேயே உண்டு. சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்ற இரண்டு ஏற்பிகள், வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்குத் தடை போடுபவை. அந்தத் தடையை எடுத்துவிட்டால் டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கொடுத்தார்கள். அப்படித் தடையை எடுக்கும் மருந்தை எடுத்துக்கொள்ளும் புற்றுநோயாளிகள் சிலருக்குத் தைராய்டு, குடல், மூட்டு என்று புதிதாகத் தன்தாக்கு நோய், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், வந்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தியை நிஜமாகவே கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி.

சித்திக்கு இன்னொன்றும் சொல்லலாம். 2006 மார்ச்சில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டி.ஜி.என்.1412 என்ற புது மருந்தை ஆரோக்கியமான 6 இளைஞர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். டி செல்லில் உள்ள சி.டி.28 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்பும் மருந்து அது. அதைத் தயாரித்தவர்கள் மனதில் வைத்திருந்த நோய்களில் முடக்குவாதமும் ஒன்று. அடக்கும் வேலை பார்க்கும் டி செல்களை எழுப்பிவிட்டால் வீக்கம் வற்றும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆனால் எழுந்தவை எல்லா டி செல்களும். இரண்டு மணி நேரத்துக்குள் 6 பேரும் தலைவலி, குளிர், முதுகுவலி என்று துடிக்கத் தொடங்கி, உறுப்புகள் செயலிழந்து ஐ.சி.யூ.வுக்குப் போனார்கள். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். ஒருவருக்கு விரல்கள் போயின.

அம்மாவின் மாத்திரைகள் அப்படிப்பட்டவை அல்ல, எல்லாவற்றையும் மொத்தமாக மூடுபவையும் அல்ல. இந்தச் சிறிய அளவில் மெத்தோட்ரெக்சேட் அடினோசின் என்ற பொருளைக் கூட்டி, வெள்ளை அணுக்களில் அதற்கென்று இருக்கும் ஏற்பி வழியாக அவற்றை அமைதிப்படுத்துகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், அணுவுக்குள் சின்னப் பைகளில் இருக்கும் டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.9 ஏற்பிகள் வேலை செய்யத் தேவையான அமிலத்தன்மையைக் குறைக்கிறது. இது தொற்று அபாயத்தைக் கூட்டும் மருந்து என்று நாங்கள் கருதுவதில்லை. மெத்தோட்ரெக்சேட்டில் அந்த அபாயம் கொஞ்சம் உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனையோடு எடுத்தால் சமாளிக்கக்கூடியது. மாத்திரையை நிறுத்தினால் வரும் சேதத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது. பின்னால் டி.என்.எஃப். அல்லது ஐ.எல்.-6 ஏற்பியைக் குறிவைக்கும் ஊசிகள் தேவைப்பட்டால் அது வேறு கதை. நம் ஊரில் காசநோய் அதிகம், டி.என்.எஃப். தடுப்பு ஊசி தூங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால் முன்கூட்டியே அதற்கான பரிசோதனை செய்தாக வேண்டும். இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம், மாத்திரை விஷயத்தில் நான் உண்மையிலேயே பயப்படுவது எதற்குத் தெரியுமா? மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மாத்திரை. அதைத் தினமும் போட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில், டாக்டர் சொன்னபடி. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காகத் தொடக்கத்தில் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு வருடாவருடம்.

இனி நடவு. எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகும். ஊறி வெளுத்த பாதத் தோல் வழியாகவும் போகலாம். சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாற்று நட முடியாது என்று எனக்கும் தெரியும். குதிகால் வெடிப்பு ஆறிய பிறகு இறங்கட்டும். கையில் கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி. கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் அலசியதோடு விடாமல், வீட்டில் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவட்டும். 2018 கேரள வெள்ளத்தில் கொடுத்தது போல வாரம் ஒரு டாக்சிசைக்ளின் போடலாமா என்று கேட்பீர்கள். ஊரில் நோய் பரவினால் அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

வயலில் இறங்கிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடுமையான தலைவலியோடு வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. கண் மஞ்சளாவதற்கும் சிறுநீர் குறைவதற்கும் காத்திருக்கக் கூடாது. அந்த வாரத்து மெத்தோட்ரெக்சேட்டை டாக்டரைக் கேட்கும்வரை தள்ளிவையுங்கள். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும், மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான், இரண்டும் சேர்ந்தால் மருந்து உடம்பில் தங்கி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பொதுவாகத் தொடரலாம். ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கூட அதோடு சேரக்கூடாது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

சீந்திலை மட்டும் ஏன் அவ்வளவு கறாராக வேண்டாம் என்றேன்? கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்தியக் கல்லீரல் நிபுணர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது தன்தாக்கு வகை அழற்சி போலவே இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, அந்த விவாதம் இருக்கட்டும். ஏற்கெனவே தன்தாக்கு நோய் உள்ளவர், கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அம்மாவுக்கு இரண்டு காரணமும் பொருந்துகிறது. சித்தி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்திக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் இன்ஃபுளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி அம்மாவின் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் உயிருள்ள கிருமி இல்லாத வகையில் கிடைக்கின்றன, மெத்தோட்ரெக்சேட்டோடு போடலாம்.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தொந்தரவு இல்லாதபோது ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்று எடுத்துப் பார்க்காதீர்கள், பணமும் தூக்கமும்தான் போகும். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், புகை இந்த நோய்க்கு நிரூபணமான காரணி. விரல் கணுக்களில் வீக்கமும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பும் சில வாரம் நீடித்தால் அப்போது வந்து காட்டுங்கள்.