ஒரே கணினியில் இரண்டு 'செட்' கட்டளைகள்: பழையதை நீக்கிவிடலாமா?

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவி வழியாக, கோப்பிலுள்ள உரையைத் திருத்தும் கட்டளையான செட்டின் குனு வடிவத்தை நிறுவினேன், இப்போது ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன, கணினியோடு வந்ததை நீக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீக்காதீர்கள். மேக்கோடு வரும் அந்த பிஎஸ்டி வடிவச் செட்டை நம்பி ஓடும் ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) பல உண்டு.

பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்று என்று நம்பி நான் பட்டது போதும். வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களின் எழுத்துப்பிழைகளைத் திருத்த லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'மைனஸ் ஐ', அடுத்து 'மைனஸ் இ', பிறகு திருத்த விதி. என்னிடம் பிசகில்லாமல் ஓடியது. மேக் வைத்திருந்த தோழியிடம் கொடுத்தேன். நாற்பது கோப்புகள் எண்பதாகிவிட்டன. புதிதாக முளைத்த ஒவ்வொன்றின் பெயரும் 'மைனஸ் இ' என்று முடிந்தது.

காரணம் எளியது. பிஎஸ்டி செட்டில் 'மைனஸ் ஐ'க்குப் பின்னால் வருவது காப்பு நகலின் பெயர்க் கடைசியில் சேரும் வால்; அதனால் 'மைனஸ் இ'யையே வாலாக எடுத்துக்கொண்டது. லினக்ஸில் நான் பயன்படுத்திய குனுவில் அந்த வால் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தில் 'மைனஸ் ஐ' இல்லவே இல்லை என்பதால் அவரவர் தம் வழியில் செய்துகொண்டார்கள். ஏதோ கோளாறு என்று நினைத்துத் தோழி ஸ்கிரிப்டை மறுபடியும் ஓட்டினாள். முதல் ஓட்டத்தில் கிடைத்த காப்பு நகல்களின் மேல், ஒருமுறை திருத்தப்பட்டவை எழுதப்பட்டுவிட்டன. மூலம் போயிற்று. மீண்டும் வருட வேண்டியதாயிற்று.

ஹோம்ப்ரூ குனு செட்டை 'ஜிசெட்' என்ற பெயரில்தான் வைக்கும். 'குனுபின்' ஃபோல்டரை நீங்கள் பாத்தில் (கணினி கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) முன்னால் சேர்த்திருப்பதால்தான் இரண்டும் செட் என்றே தெரிகின்றன. அந்த வரியை எடுத்துவிட்டு, ஸ்கிரிப்டில் ஜிசெட் என்றே எழுதுங்கள். அதைப் படிப்பவருக்கும் எது ஓடுகிறது என்று தெரியும். லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால், 'மைனஸ் ஐ'யோடு இடைவெளியின்றி 'புள்ளி பாக்' என்று ஒட்டுங்கள். இரண்டு செட்டும் அதை ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளும்.

எது ஓடுகிறது என்ற ஐயம் வந்தால் 'டைப் மைனஸ் ஏ செட்' கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் முதலில் நிற்பதுதான் ஓடும். பாத்தை மாற்றிய பிறகும் பழையதே ஓடினால் புதிய டெர்மினல் சாளரம் ஒன்றைத் திறந்து பாருங்கள்.