முனைவர் பட்டமும் வயதும்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

(பதில் சொல்பவர், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டி ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்.)

தேவகோட்டையிலிருந்து: சார், மின்வேதியியலில் முனைவர் பட்டம் முடிக்கும்போது எனக்கு 34 ஆகிவிடும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் (சிக்ரி) விஞ்ஞானி வேலை கிடைக்குமா?

பதில்: இப்போதே கேட்டது நல்லது தம்பி. சிக்ரி போன்ற சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வு மன்றம்) ஆய்வகங்களில் விஞ்ஞானி பதவிக்கு வயது வரம்பு பொதுவாக 32. ஒதுக்கீட்டு இடமாக இருந்தால் ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு. பட்டம் வாங்கிய அன்று என்ன வயது என்பது கணக்கில் வராது. விண்ணப்பத்தின் கடைசித் தேதியில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். அறிவிப்பும் வருடாவருடம் வந்துவிடாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தால், வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருக்காதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து: நான் பள்ளி ஆசிரியை, வயது 42. பகுதிநேரமாகத் தமிழில் ஆய்வு செய்கிறேன். இனி கல்லூரிக்குப் போக முடியுமா ஐயா?

பதில்: தாராளமாக, அம்மா. அரசு கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் வைத்த வரம்பு 57. ஆய்வை முடிக்கவும் நேரம் இருக்கிறது: 2022ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 6 ஆண்டு, மறுபதிவில் 2, பெண்களுக்கு மேலும் 2. மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக்கூடாது.

உங்களைப் போன்றவர்களால்தான் முனைவர் பட்ட வயதுப் புள்ளிவிவரமே ஒரு பக்கம் சாய்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் பட்டம் பெறும் இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) இயற்பியல், வேதியியலில் 30ஐ ஒட்டியும் கல்வியியலில் 38ஐ ஒட்டியும் இருக்கும். கல்வியியல்காரர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகிகள். பட்டம் வாங்கிய பிறகும் அதே துறையில்தான் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, வயதானால் கல்வித்துறைதான் கதி என்று சொல்வது தவறு.

அதனால் யார் வந்து கேட்டாலும் வயதை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன்: எத்தனை வயதில் சேர்ந்தீர்கள், அப்புறம் எத்தனை ஆண்டு இழுத்தது? 30இல் சேர்ந்து 4 ஆண்டில் முடித்தவரும், 24இல் சேர்ந்து 10 ஆண்டு இழுத்தவரும் 34தான். ஆனால் நேர்காணலில் இருவரிடமும் கேட்கும் கேள்வி வேறு.

கானாடுகாத்தானிலிருந்து: எனக்கு 24. இப்போதே சேரவா, வேலைக்குப் போய்விட்டு வரவா?

பதில்: ஆய்வகம்தான் குறி என்றால் இப்போதே சேருங்கள். முனைவர் ஆய்வுக்கான யுஜிசி ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கு வயது வரம்பு 30 (பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு). முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு 35.

காரைக்குடியிலிருந்து: அப்பச்சி நடத்தும் முலாம் பூசும் பட்டறையை ஐந்து வருடம் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் ஆய்வுக்கு வந்தேன். இப்போது 36. தனியார் கம்பெனிகள் கூப்பிடுமா சார்?

பதில்: சரி, வெளிப்படையாகவே சொல்கிறேன். கம்பெனிகள் வயது வரம்பை எழுதி வைப்பது அபூர்வம், மனதில் வைத்திருப்பார்கள். தொழில் அனுபவம் இல்லாத 36 வயதுக்காரரை 28 வயதுக்காரரின் சம்பளத்தில் எடுக்கத் தயங்குவார்கள். அவர் நிலைக்கமாட்டார் என்ற பயம். உங்கள் கதை வேறு. மின்முலாம், அரிமானத் தடுப்பு, பேட்டரி இவற்றில் தொட்டியருகே நின்று வேலை பார்த்தவருக்கு மதிப்பு உண்டு. அந்த ஐந்து வருடத்தை ‘இடைவெளி’ என்று காட்டாமல், என்ன உலோகம், எவ்வளவு உற்பத்தி, கழிவுநீரை என்ன செய்தீர்கள் என்று தற்குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.