தீபாவளி டி-ஷர்ட் விற்று நாய்க் காப்பகத்துக்கு நிதி: கேள்வி பதில்

திருப்பூர் ஆர்டர், அச்சு, கணக்கு. இந்த மூன்றுக்குள் வருகிற கேள்விகளுக்கு மட்டும் பதில். எந்தக் காப்பகம் நல்ல காப்பகம் என்பது இங்கே வேண்டாம்.

ஓசூர்: 100 டி-ஷர்ட் போடப்போகிறோம். சட்டைக்கு எவ்வளவு காப்பகத்துக்குத் தரலாம்?

"லாபத்தில் ஒரு பங்கு" என்று போஸ்டரில் போடாதீர்கள். எவ்வளவு லாபம், அதில் எத்தனை பங்கு என்று முதல் ஆளே கேட்பார். சட்டைக்கு இத்தனை ரூபாய் என்று அடித்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, விலை 499. துணி, தையல், அச்சு, பேக்கிங் எல்லாம் சேர்த்து 220, கூரியர் 60, ஆன்லைனில் பணம் வாங்கும் கட்டணம் 12 என்று வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 499-க்குள்ளேயே 24 ரூபாய் வரி (2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம்). மிச்சம் 183. சைஸ் மாற்றம், திரும்பி வரும் பார்சலுக்கு 25 ஒதுக்கினால் 158 நிற்கும். 150 என்று அறிவியுங்கள்.

100-ல் 20 தேங்கினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். விற்ற 80-க்கு 12,640 வரும். தேங்கியதற்கு 4,400 போய்விடும். கையில் 8,240, காப்பகத்துக்குக் கொடுத்த வாக்கு 12,000. பணமும் சைஸும் வந்து சேராமல் துணியில் கத்தரி வைக்க விடாதீர்கள்.

இன்னொன்று, ஓசூர் என்பதால் சொல்கிறேன். சொந்த மாநிலத்துக்குள் வருடத்துக்கு 40 லட்சம் வரை பொருள் விற்க ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு சட்டை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அங்கே இந்த வரம்பு செல்லாது, பதிவு கட்டாயம்.

மதுரை: என்ன துணி கேட்க வேண்டும் அக்கா? கடைக்காரர் ஏதேதோ சொல்கிறார்.

24-ஆம் நம்பர் நூலில் கோம்ப்டு (சீவிச் சுத்தம் செய்த) காட்டன், சிங்கிள் ஜெர்சி (சாதாரண பனியன் பின்னல்), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்), பயோவாஷ் (பிசிறு நீக்கும் கழுவல்) செய்து காம்பேக்டிங் (சுருக்கத்தைக் குறைக்கும் அழுத்தம்) போட்டது. இப்படியே எழுதிக் கொடுங்கள். கட்டிங் சேதாரம் போக ஒரு கிலோவில் நாலு, நாலரை சட்டை வரும். 100 சட்டைக்கு 25 கிலோ சொல்லுங்கள், கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி தனி.

ஆர்டருக்கு முன் சாம்பிள் துணியில் 50 செ.மீ. சதுரம் வரைந்து மூன்று தரம் துவைத்துக் காயவையுங்கள். நீளம் 47.5-க்குக் கீழே போனால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அந்தத் துணி வேண்டாம். தைத்த சாம்பிளையும் துவைத்துப் பாருங்கள். பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பினால் நூல் முறுக்கு துணியை இழுக்கிறது என்று அர்த்தம். அயர்ன் பண்ணினால் அன்றைக்கு மட்டும் நேராக நிற்கும்.

திருச்சி: கறுப்புச் சட்டையில் நாலு கலர் அகல்விளக்கும் நாய்க்குட்டியும். 30 பீஸ் போதும்.

ஸ்கிரீன் பிரிண்டில் கலருக்கு ஒரு ஸ்கிரீன். கறுப்பில் நிறம் எடுபட அடியில் வெள்ளை ஒரு பூச்சு வேண்டும், ஆக ஐந்து ஸ்கிரீன். அந்தச் செலவை 30 சட்டை தாங்காது. டிடிஎஃப் (படத்தை ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணியில் ஒட்டுவது) போடுங்கள், ஆனால் படத்தைப் பெரிய கட்டமாக வைக்காமல் இடைவெளி விட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் வேர்வையில் நெஞ்சோடு ஒட்டும். 100-க்கு மேல் போகிறவர்கள் இரண்டே கலரில் ஸ்கிரீன் பிரிண்ட் எடுங்கள். பிளாஸ்டிசால் மை 160 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். அரைவேக்காடாக எடுத்தால் நாலு துவையலில் வெடிக்கும்.

"தீபாவளி" என்ற சொல்லோடு வருடத்தையும் அச்சடிக்காதீர்கள், மிஞ்சினால் அடுத்த தீபாவளிக்கு விற்க முடியாது.

கரூர்: 50 பீஸ் எவ்வளவு ஆகும்?

ஓசூருக்குச் சொன்ன கணக்கில் உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

சேலம்: 499 வாங்கி 150 கொடுப்பது ஊரை ஏமாற்றுவது இல்லையா? க்யூஆர் கோடு வைத்து நேரே கேட்டால் 499-உம் போய்ச் சேருமே.

499-ஐ அப்படியே கொடுக்கிற மனிதருக்குச் சட்டை விற்பது முட்டாள்தனம்தான். அதில் உங்களோடு சண்டை இல்லை. அவரை நேரே நன்கொடைக்கு அனுப்புங்கள். காப்பகத்துக்கு 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் அனுமதி) இருந்து, அவர் பழைய வரி முறையில் இருந்தால், ரசீதுக்குச் சலுகையும் உண்டு. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது. சட்டை விலைக்கு 80ஜி ரசீது தரக்கூடாது, அது விற்பனை. இந்தத் தொழிலின் வாடிக்கையாளர் வேறு ஆள். தீபாவளிக்கு எப்படியும் துணி எடுப்பவர், காப்பகத்துக்கு ஒரு ரூபாயும் கொடுத்திராதவர்.

சேலம் மீண்டும்: கணக்கு சரி, ஆள் கணக்கு? பட்டாசுக்குப் பயந்து ஓடிய நாய், தீக்காயம் என்று காப்பகம் திணறுகிற வாரத்தில் தன்னார்வலர்கள் பார்சல் ஒட்டுவார்களா?

இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6–7, மாலை 7–8 என்று நேரம் இருந்தாலும் சத்தம் அதோடு நிற்பதில்லை. அதனால் நாய் பார்க்கிற கையும் பார்சல் ஒட்டுகிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. தீபாவளிக்கு 45 நாள் முன்பே முன்பதிவை மூடுங்கள், 20 நாள் முன்பு சரக்கு கைக்கு வரட்டும், 10 நாள் முன்பு கடைசி கூரியர். ஐப்பசி மழையில் சாயப்பட்டறைத் துணி காய்வது தாமதமாகும். போனஸ் வாங்கிய தொழிலாளிகள் ஊருக்குக் கிளம்பினால் திருப்பூரில் தையல் மிஷின் ஓடாது. 10 நாள் முன்பு முடிக்க ஆள் இல்லையென்றால் சேலம் சொல்வதுதான் சரி, க்யூஆர் கோடு போதும்.

ஈரோடு: இடையில் வருகிறேன். காப்பக டிரஸ்டே விற்கலாமா, வெளியாள் விற்கலாமா?

டிரஸ்ட் விற்றால் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். பொதுநல நோக்கம் என்ற பிரிவில் பதிவானதென்றால் வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வரிவிலக்குக்கே ஆபத்து. உங்கள் ஆடிட்டரிடம் இதை முதலில் கேளுங்கள். சின்னக் காப்பகத்துக்கு வெளியாள் விற்று நன்கொடையாகக் கொடுப்பதே நிம்மதி.

நாமக்கல்: 50 டி-ஷர்ட், ரேட் ப்ளீஸ்.

ஓசூர். கரூர். மேலே.

கோவை: கட்டிங் வேஸ்டில் நாய்களுக்கும் அதே டிசைனில் சட்டை?

சட்டை வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் மேலே துணி மூடினால் இன்னும் கஷ்டம். கழுத்துத் துணி போதும். பனியன் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும், காட்டன் பாப்ளினில் தையுங்கள். முடிச்சுப் போடாமல் காலரில் கோர்க்கிற மாதிரி இருக்கட்டும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். பாலியெஸ்டர், ஜரிகை, மணி எதுவும் கூடாது. மத்தாப்புப் பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

வேலூர்: முன்பதிவு இல்லாமல் 200 போட்டுவிட்டோம். வருடமும் அச்சாகிவிட்டது. 60 நிற்கிறது.

அடக்க விலைக்கு இந்த வாரமே தள்ளுங்கள். அதற்கும் போகாதது காப்பகத்துக்கே போகட்டும், குட்டிகளுக்கு விரிப்பாக. கொடுக்குமுன் அச்சுப் பகுதியையும் கழுத்து ரிப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள். குட்டி மையைக் கடித்துத் தின்னும், ரிப் வளையத்துக்குள் தலையை விடும்.